கழுதைப்புலிக்குக் கண் தெரியவில்லை

ஒட்டடைக்கு ஆட்டு வேஷம் போட்டார்கள்.

முப்பதைத் தாண்டிய, பட்டம் வாங்கிய, வீட்டில் மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற ஓர் ஆண்பிள்ளைக்கு இப்படியும் ஒரு நிலைமை வர வேண்டுமா என்று அவன் நொந்துகொண்டிருந்தபோது, மேக்கப் உதவியாளர் குச்சியால் பசையைத் தொட்டு அவன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்தார். அரித்தால் சொல்ல வேண்டுமாம். கொம்பு நெற்றியில்தானே முளைக்கப்போகிறது, கைக்கு எதற்குப் பசை என்று ஒட்டடை கேட்டான். எல்லாம் மேக்கப் அக்காவின் கண்டிப்பான உத்தரவு, போன வாரம் வரை இந்த வம்பெல்லாம் கிடையாது என்று அவர் சலித்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் சித்திக்கு ஆந்தை அலகு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு மேக்கப்பே வேண்டாம் சித்தி, இப்படியே போய் நிற்கலாம் என்று சொல்ல ஒட்டடைக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சித்தி அந்த உதவியாளரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எதையோ பிடித்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

சித்தி என்றால் நிஜமாகவே சித்தி, அவன் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில், கால் உடைந்தது என்று மனுப் போட்டவனுக்கு நிஜமாகவே உடைந்ததா என்று போய்ப் பார்ப்பதுதான் காலமெல்லாம் அவள் வேலை. ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார முடியாமல் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். வாய்த் துடுக்கால் போன இடமெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்த அக்கா மகனைக் கூட வைத்துக்கொண்டாள். ஆள் நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்ததால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. வயதானதில் குச்சி விழுந்துவிட்டது, ஒட்டடை மட்டும் நின்றுவிட்டது.

கொம்பு நிலைத்ததும் உதவியாளர் ஒட்டடையின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஆடு கண்ணாடி போடாதாம். கண்ணாடி இல்லாவிட்டால் ஒட்டடைக்கு உலகம் மொத்தமும் ஈரத்துணி போட்டு மூடியதுபோல ஆகிவிடும். சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு செட்டுக்குள் போனான்.

அவர்களை இங்கே வர வைத்தவள் ஒரு கண்ணாடிக்கடைக்காரி. முந்தின நாள் சாயங்காலம் அவள் கடையில்தான் பேச்சு நடந்தது. வாடிக்கையாளர் ஒருவர் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரரைக் காணோம் மேடம்."

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"இன்னைக்குக் காலையில. ஷூட்டிங்ல."

ஒட்டடை கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான்.

"அந்தத் தோலுக்குள்ள இருக்கிறது அவரில்ல" என்றாள் அவள்.

புருஷன் நடிகர். அவரைப் பார்த்தவர்கள் அதிகம், தெரிந்தவர்கள் இல்லை. காரணம், இத்தனை வருஷமாக அவர் நடித்ததெல்லாம் பிணம். ஆற்றில் மிதப்பார், கட்டிலில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடப்பார், காரின் டிக்கியைத் திறந்தால் இருப்பார். அசையாமல் மூச்சடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சினிமாக்காரர்களிடம் நல்ல பெயர். ஐம்பதை நெருங்கும்போது முதன்முறையாக அசைகிற வேஷம் ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் கதாநாயகன் வேஷம். மிருகமாக மாறுகிற பள்ளிக்கூட வாத்தியார். ஒப்பந்தமான அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவே இல்லையாம்.

பழைய நூல் மில் ஒன்றில் செட் போட்டு, எல்லாரையும் அங்கேயே தங்க வைத்திருந்தார்கள். முதல் சில நாள் புருஷன் தினமும் கூப்பிட்டுப் பேசினார். போன வாரத்திலிருந்து பேச்சு நின்றுபோய், வேலையாக இருக்கிறேன் என்று எழுத்தில் மட்டும் செய்தி வந்தது. கிட்டப்பார்வை அதிகம் உள்ள அவருக்குப் போனில் எழுத்து அடிக்கிற பழக்கமே கிடையாது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவார். மனசு கேட்காமல் அவளே போய்க் கயிற்றுக்குப் பின்னால் நின்றாள். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், தலை முதல் கால் வரை தோல் போர்த்த அந்த மிருகம் போனது. மெல்லக் கூப்பிட்டாள். அது திரும்பி, அவள் பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது.

"வேஷத்துக்கு மஞ்சள் லென்ஸ் வேணும்னாங்க. அவர் பவர்லயே நான்தான் செஞ்சு கொடுத்தேன். அதைப் போட்டா எறும்பு போறதுகூட அவருக்குத் தெரியும். என்னைத் தெரியாதா?"

போலீஸில், தினமும் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நடித்துக்கொண்டிருக்கிற மனுஷனைக் காணவில்லை என்று எப்படிம்மா எழுதிக்கொள்வது என்று சிரித்தார்களாம். அவள் பேசிக்கொண்டே தடித்த வில்லை போட்ட ஒரு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அவருடையது. லென்ஸ் இருக்கிறதே என்று இதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்கு ஆடு மாடு வேஷத்துக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலையும் அவளேதான் கொடுத்தாள். வேஷத்தில் இருந்தவரைக் கூப்பிட்டதால் அவளைக் கேட்டுக்கு உள்ளே விடுவதில்லை என்று ஆகிவிட்டது.

மில்லுக்குள் பட்டப்பகலிலேயே இருட்டு. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, உள்ளே மர வீடுகள் எழுப்பி, இடைவிடாமல் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். கதைப்படி அது மலைமேல் ஒரு குடியிருப்பு. பனி இறங்குகிற காலை ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் மிருகமாக எழுந்திருப்பார். ஒட்டடையைக் கலக்கியது அதுவல்ல. படத்தில் யாருமே அலறுவதில்லை. மாறியவருக்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, மற்றவர்கள் மேஜையில் உட்கார்ந்து எப்போதும்போலச் சாப்பிடுகிறார்கள். மாறாதவர்கள், அடுத்தது யார் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள்.

கூட்டத்தில் நின்ற பன்றி மூக்குக்காரர் ஒருவர், ஒட்டடை புதுசு என்று தெரிந்ததும் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு விஷயத்தைக் கொட்டினார். கதாநாயகன் இப்போதெல்லாம் தோலைக் கழற்றுவதில்லை. மேக்கப் ரூமிலேயே தூங்குகிறார். யாரோடும் ஒரு வார்த்தை இல்லை. யாரும் அவரோடு பேசவும் கூடாது என்று டைரக்டரே சொல்லிவிட்டார், வேஷத்திலிருந்து வெளியே வந்துவிடுவாராம். மேக்கப் அக்கா மட்டும்தான் உள்ளே போவாள். விடியும் முன்னே அவள் வேலையை ஆரம்பித்துவிடுவதால், ஷூட்டிங் நடக்கும்போது ரூமைப் பூட்டிக்கொண்டு தூங்கிவிடுவாளாம்.

"இதெல்லாம்கூடப் பரவாயில்ல" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு இங்க கேமரா முன்னாடி நிக்கும்போது, அங்க பூட்டின ரூம்ல உறுமல் சத்தம் கேக்குது. நானே என் காதால கேட்டேன். நாளைலேர்ந்து நான் வரல."

ஒட்டடை சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

விசில் ஊதினார்கள். புகைக்குள்ளிருந்து கழுதைப்புலி வந்தது.

ஒட்டடைக்கு அது ஒரு மங்கலான கூன்முதுகாகத்தான் தெரிந்தது. முன்னால் சாய்ந்து, கைகள் தொங்க, ஒவ்வோர் அடியையும் தரையில் தேடித் தேடி வைத்தது. மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. சுவரைத் தடவியது. மனைவியாக நடிப்பவள் கூப்பிட்டதும் முகத்தை அவள் பக்கம் திருப்பாமல், மூக்கை மட்டும் உயர்த்திக் காற்றில் தேடியது. ஷாட் முடிந்ததும் டைரக்டர் மானிட்டருக்குப் பின்னாலிருந்து கண்ணைத் துடைத்தபடி எழுந்து வந்தார்.

"போன வாரம் வரைக்கும் மிருகமா நடிச்சாரு" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இப்ப மிருகமாவே ஆயிட்டாரு. அந்த நடையைப் பாருங்க. மனுஷனுக்கு வராது அது."

அடுத்த ஷாட்டில் கூட்டம் கலைந்து ஓட வேண்டும். ஒட்டடையும் ஓடினான். எதிரே வந்த பன்றியோடு மோதி, வேலியைக் கட்டிப்பிடித்து, கதவு என்று நினைத்துச் சுவருக்குள் நுழையப் பார்த்து, கடைசியில் கையால் துழாவிக்கொண்டே போய் ஒரு பெஞ்சின் மேல் உட்கார்ந்தான். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது, அது அவனைத் திட்டியது. சாகலாம் என்றிருந்தது அவனுக்கு. மைக்கில் டைரக்டரின் குரல் கேட்டது.

"அந்த ஒல்லி ஆடு யாருப்பா? பிரமாதம். அவனும் அதே மாதிரி பண்றான் பாரு."

ஒட்டடை பெருமையில் கொம்பை நிமிர்த்தினான். சித்தி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

"நடிப்பு என் ரத்தத்துலயே இருக்கு சித்தி. நீங்கதான் இத்தனை நாள் என்னை..."

"வாயை மூடு. உனக்கு ஏன் அப்படி நடை வந்துது?"

"கண்ணு தெரியல, வந்துது."

"அதுக்கும் கண்ணு தெரியல" என்றாள் சித்தி. "உனக்குக் கண்ணாடி இல்லாததால தெரியல. அதுக்குக் கண்ணாடி இருக்கிறதால தெரியல. அடுத்தவன் பவரைக் கண்ணுக்குள்ள போட்டுக்கிட்டு நடக்குது."

ஒட்டடைக்கு இருந்த பெருமையெல்லாம் இறங்கிப்போனது. அப்படியானால் கண்ணாடிக்கடைக்காரி சொன்னது சரி. உள்ளே இருப்பது வேறு ஆள். அந்தத் தடுமாற்றத்தைத்தான் ஒரு டைரக்டர் கலை என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறார். சரி, அந்த ஆள் யார், நிஜ நடிகர் எங்கே என்று கேட்டான். சித்தி நேராக, நாற்காலியில் படங்களோடு தனியாக உட்கார்ந்திருந்த கன்டின்யூட்டிக்காரரிடம் போனாள்.

ஒவ்வொரு ஷாட்டிலும் யார் எந்தப் பொத்தானைப் போட்டிருந்தார்கள், எந்தக் கையில் டம்ளர் இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வேலை. அவரிடம் ஆசையாக ஒரு கேள்வி கேட்பவர் அந்த மில்லில் யாருமில்லை போலிருக்கிறது. ஆந்தை அலகு வைத்த ஓர் அம்மாள் கேட்டதும் கையில் இருந்த டேப்லெட்டையே கொடுத்துவிட்டார். சித்தி முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கதையில் வாத்தியாருக்குக் கண்ணிலிருந்து தாடை வரை ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. மிருகமான பிறகும் அது மாறாது, குடும்பம் அவரை அடையாளம் கண்டுகொள்வதே அதை வைத்துத்தான். முதல் சில நாள் படங்களில் தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. போன வாரத்திலிருந்து வலது கன்னத்தில்.

அவர் அதை உடனே கவனித்து டைரக்டரிடம் சொன்னாராம். டைரக்டரோ, உடம்பு முழுக்க மாறும்போது தழும்பு மட்டும் ஏன் அங்கேயே இருக்க வேண்டும், அபாரமான ஐடியா, இப்படியே இருக்கட்டும் என்று முதுகில் தட்டினாராம். அதைச் சொல்லும்போது கன்டின்யூட்டிக்காரரின் முகத்தில் ஈ ஆடவில்லை.

மதிய இடைவேளை விட்டார்கள். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் போக, சித்தி எதிர்ப்பக்கம் நடந்தாள். ஒட்டடை உதவியாளரிடம் கெஞ்சித் தன் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, அதைக் கொம்புக்குக் கீழே கோணலாக மாட்டியபடி பின்னால் ஓடினான். நீளமான நடைபாதையின் கடைசியில், ஒரு படி ஏறினால் மேக்கப் ரூம். கதவு பூட்டியிருந்தது.

உள்ளிருந்து சத்தம் வந்தது. உறுமல் என்று பன்றிக்காரர் சொன்னது சரிதான். தொண்டையின் அடியிலிருந்து வந்து, நடுவில் உடைந்து, மறுபடியும் தொடங்கியது.

"சித்தி, போயிடலாம். போலீஸைக் கூப்பிட்டுக்கலாம்."

அவன் மனசில் கணக்கு ஓடிவிட்டது. மேக்கப் அக்கா யாரோ ஒருத்தனோடு சேர்ந்து நடிகரை முடித்துவிட்டாள். அந்த ஆள் தோலுக்குள் நுழைந்துகொண்டான். இதை அவன் திக்கித் திணறிச் சொன்னதும், சித்தி அவனைச் சுவரோரம் நிறுத்தி எதிரே நின்றுகொண்டாள். வலது கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"என் வலது கைப்பக்கம். இது உனக்கு எந்தக் கன்னம்?"

"இடது."

"வருஷக்கணக்கா இப்படித்தான் அவ அடுத்தவங்க முகத்துல வேலை செஞ்சிருக்கா. அந்த ஆளுக்கும் தினமும் இப்படித்தான் தழும்பு வச்சிருக்கா. வேற எவனுக்கு வச்சாலும் இடது கன்னத்துலதான் வரும். இப்ப திரும்பு."

நடைபாதைச் சுவரில், நடிகர்கள் போகிற போக்கில் முகம் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. சித்தி அதைக் காட்டினாள். ஒட்டடை எதிரே நின்றான். ஆட்டுக் கொம்பும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு கோமாளி அவனைப் பார்த்தான். வலது கைப்பக்கம் தெரிகிற கன்னத்தைத் தொடு என்றாள். தொட்டான். அது அவனுடைய வலது கன்னம்.

அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேக்கப் அக்கா தூங்கவில்லை. ரூமைப் பூட்டிவிட்டு, தானே தோலுக்குள் புகுந்து வெளியே வருகிறாள். தானே கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொண்ட முதல் நாள், பதற்றத்தில் பழக்கதோஷத்தால் கை போன பக்கம் தழும்பு வைத்துவிட்டாள். அப்படியே படமும் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு மாற்ற முடியாது.

"அப்ப அவரு?"

"யாருக்குப் பசை வச்சாலும் மொதல்ல கையில வச்சுப் பாருன்னு போன வாரம் ஏன்டா புதுசா ஒரு சட்டம் வருது?" சித்தி கதவைப் பார்த்தாள். "நீ போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. கேட்டுலதான் நிப்பா. ஓடு."

ஒட்டடை ஓடினான். காவலாளி அவன் கொம்பைப் பார்த்து வாயடைத்து நின்ற நேரத்தில் கண்ணாடிக்கடைக்காரியைப் பின்பக்கமாக உள்ளே கொண்டுவந்துவிட்டான். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுவிடுவாளோ என்று அவன் பயந்துகொண்டே வந்தான். அதற்கு இடம் கொடுக்காமல், கழுதைப்புலியின் நடையைப் பார்த்து டைரக்டரே அழுததை உளறிக்கொண்டு வந்தான்.

அவர்கள் நடைபாதைக்குத் திரும்பியபோது எதிர்க்கோடியிலிருந்து கழுதைப்புலி வந்துகொண்டிருந்தது. தனியாக, ஒரு கையால் சுவரைத் தடவியபடி. வெளிச்சத்தில் பார்த்தபோது அந்த முகம் இன்னும் பயங்கரமாக இருந்தது. பிளந்த வாய், மஞ்சள் கண், வலது கன்னத்தில் தழும்பு. ஒட்டடை தன்னையறியாமல் கண்ணாடிக்கடைக்காரிக்கு முன்னால் வந்து நின்றான். சித்தி கதவருகில் அசையாமல் இருந்தாள். அது அவளைப் பார்க்கவே இல்லை. படியை நெருங்கி, காலால் அதன் விளிம்பைத் தேடியது.

"படி இருக்கும்மா" என்றாள் சித்தி. "பாத்து."

கழுதைப்புலி தூக்கிய காலோடு நின்றுவிட்டது.

"கண்ணு ரொம்ப வலிக்குதா?"

அந்தப் பெரிய தலை மெல்ல மேலும் கீழும் ஆடியது.

"அவர் உயிரோட இருக்காரா?"

தோலுக்குள் தோள்கள் குலுங்குவது நன்றாகத் தெரிந்தது. மறுபடியும் தலை ஆடியது. நகம் வைத்த கை, ரோமத்துக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்துப் பூட்டின் துவாரத்தைத் தேடித் தேடித் தவித்தது. சித்தி அந்தக் கையைப் பிடித்துத் துவாரத்துக்குக் கொண்டுபோனாள்.

உள்ளே மருந்தும் சீழும் கலந்த வாடை. பல்பு வரிசை பொருத்திய நிலைக்கண்ணாடி, அதன் முன் கிண்ணங்களும் தூரிகைகளும். தட்டு தட்டாக மெழுகில் எடுத்த முகங்கள், எல்லாம் ஒருவருடையவையே, கண்ணை மூடியபடி. துணித் திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். அதில் கிடந்தவரின் முகம் முழுவதும் ஈரத்துணி சுற்றியிருந்தது. வாய்க்கும் கண்ணுக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தெரிந்த சதை உப்பி, வெடித்து, எது உதடு எது கன்னம் என்று பிரிக்க முடியாமல் இருந்தது. அந்தத் தொண்டையிலிருந்துதான் சத்தம் வந்துகொண்டிருந்தது. உடம்பு காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போட்டது.

மேக்கப் அக்கா தாடையைப் பிய்த்து எடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். விரலால் மஞ்சள் வில்லைகளை எடுத்ததும் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பழைய பசை தீர்ந்துவிட்டது, புதுசாக ஒன்று வந்தது, டைரக்டர் அவசரப்படுத்தினார், கையில் வைத்துப் பார்க்காமல் முகத்தில் வைத்துவிட்டாள். சாயங்காலம் தோலைக் கழற்றும்போது அவர் முகமும் கூடவே வந்தது. அவள் அலறப்போனாள். அவர்தான் வாயைப் பொத்தினார்.

"வெளிய தெரிஞ்சா, தோலுக்குள்ள யாரு இருந்தா என்னன்னு வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னாரு. ஆறுற வரைக்கும் நீ நில்லுன்னு காலைப் பிடிச்சாரு. பொண்டாட்டிக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, அவர் போன்ல நான்தான் எழுதி அனுப்பினேன். அது ஆறல. தினமும் ஆஸ்பத்திரி போலாம்னு சொல்றேன். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு..."

சித்தி அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் அவசரம் இருந்தது. அவள் அப்படிப் பேசி ஒட்டடை கேட்டதே இல்லை.

கண்ணாடிக்கடைக்காரி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். லென்ஸும் இல்லாமல் மூக்குக் கண்ணாடியும் இல்லாமல் கிடந்த அவருக்கு, யாரோ ஒரு பெண் நிற்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். துணிக்குள்ளிருந்து சிரமப்பட்டு வார்த்தைகள் வந்தன.

"இன்னைக்கு... நான்... எப்படி?"

ஒன்றும் புரியாமல் அவள் திரும்பிப் பார்த்தாள். தினமும் ஷூட்டிங் முடிந்து வந்ததும் இதைத்தான் கேட்பார் என்றாள் மேக்கப் அக்கா. இன்றைக்கு நான் எப்படி நடித்தேன். அவள் ஒவ்வொரு ஷாட்டாகச் சொல்லுவாளாம், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம்.

ஒட்டடை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரொம்ப நல்லா நடிச்சீங்க" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "டைரக்டரே அழுதுட்டாராம்."

குரலைக் கேட்டதும் கட்டில் கிறீச்சிட்டது. அவர் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டார். ஒரு கை தலைமாட்டில் துழாவி, அங்கே கிடந்த உபரி கழுதைப்புலித் தலையை இழுத்துத் தன் முகத்தின்மேல் கவிழ்த்துக்கொள்ளப் பார்த்தது. போ, போ என்பதுபோல ஏதோ சொன்னார். அது உறுமலாகத்தான் கேட்டது. வெளியே யாரோ, சாப்பாடு முடிஞ்சிது, கழுதைப்புலி ஷாட்டுக்கு ரெடி பண்ணுங்க என்று நடைபாதையில் கத்திக்கொண்டு போனார்கள்.

அவள் அந்தத் தலையைப் பிடுங்கவில்லை. அவரைத் தொடவும் இல்லை, தொட்டால் எங்கே வலிக்கும் என்று தெரியவில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்த இடுக்கில் புகுந்து அவர் முகத்துக்கு நேராக மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து அந்தத் தடித்த கண்ணாடியை எடுத்தாள். மாட்ட வழியில்லை, மூக்கும் காதும் துணிக்குள் இருந்தன. அதனால் இரண்டு கையாலும் அதை அவர் கண்ணுக்கு எதிரே, தோலில் படாமல், காற்றிலேயே பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள், கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள்.

"இப்ப தெரியுதா?"

கடையில் வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வி, அதே நிதானம். தன் முகம் மாறவில்லை என்பதை அவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் அசையாமல் இருந்தாள்.

அவர் பார்த்தார். கழுதைப்புலித் தலையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது, தலை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.